மீட்டருக்குக் காது கொடுப்போம்

(ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் துறை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தாய்மாமா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பேனா, கக்கத்தில் நோட்டு என்று தெருத்தெருவாக நடந்தவர். மாடிப்படிக்கு அடியில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், சாமி அறைச் சுவரில் என்று ஜனங்கள் மீட்டரை எங்கெல்லாம் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று மணிக்கணக்கில் சொல்வார். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்த்த நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஃபோன் போட்டு, "மாமா, வீட்டு மீட்டர்ல ஒரு சின்ன வேலை. ஃபர்ம்வேர் ஒண்ணு பண்ணி ஏத்தணும்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "மாப்ள, என்ன வேணா பண்ணு. மீட்டர்ல மட்டும் கை வைக்காத."

அவர் பயந்தது நியாயம். மீட்டர், ஃபர்ம்வேர் என்ற இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவருக்கு முதலில் தோன்றுவது திருட்டுதான். அப்படி நடந்தும் இருக்கிறது. 2009இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஸ்மார்ட் மீட்டர்கள் குறைத்துக் காட்டுகின்றன என்று சந்தேகம் வந்து அமெரிக்க எஃப்பிஐ விசாரித்தது. மீட்டரின் முகப்பில் இருக்கும் ஒளி வாசல் வழியாக மடிக்கணினியை இணைத்து, சிலர் அமைப்பை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு மீட்டருக்கு 300 முதல் 1000 டாலர் வரை கூலி. மென்பொருள் இணையத்திலேயே கிடைத்தது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவு திருட்டையும், 138ஆவது பிரிவு மீட்டரில் குறுக்கிடுவதையும் குற்றம் என்கிறது. மாமாவுக்கு இந்தப் பிரிவுகள் மனப்பாடம்.

நான் இன்று பேசப்போவதும் அதே ஒளி வாசலைப் பற்றித்தான். ஆனால் நான் அதில் கை வைக்கவில்லை. காது வைத்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஃபர்ம்வேர் என்பது ஒரு சில்லுக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியிருந்து அதை இயக்கும் நிரல். மீட்டருக்குள் ஒன்று இருக்கிறது. அது முத்திரைக்குள் இருக்கிறது, அளவைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அதைத் தொட எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. நான் செய்தது மீட்டருக்கு வெளியே ஒட்டிக்கொண்டு, அது சொல்வதைக் கேட்டு வைஃபை வழியே அனுப்பும் ஒரு சின்னப் பலகைக்கான ஃபர்ம்வேர். அந்தப் பலகையின் விலையைப் பார்த்தால் இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் செலவுகூட ஆகாது.

ஜெர்மனியில் இது ஏன் சாத்தியமானது என்பதற்கு ஒரு கதை உண்டு. அங்கேயும் நெடுங்காலம் சக்கர மீட்டர்தான். 1885இல் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப்புலத்தைச் செய்து காட்டினார். 1889இல் புடாபெஸ்டில் கான்ஸ் ஆலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தி அந்தத் தத்துவத்தில் மின்மீட்டர் செய்து காப்புரிமை வாங்கினார். அலுமினியத் தட்டு, ஓரத்தில் ஒரு சிவப்புக் குறி, அது சுற்றிச் சுற்றி வரும். ஜெர்மானியர்கள் இன்றும் அதை ஃபெராரிஸ் மீட்டர் என்றே சொல்கிறார்கள். 2016இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: 2032க்குள் இந்தச் சக்கரங்கள் எல்லாம் போய், எல்லா வீட்டுக்கும் டிஜிட்டல் மீட்டர் வந்துவிட வேண்டும். அதில் இரண்டு ரகம். ஒன்று வெறும் டிஜிட்டல் மீட்டர். அளந்து, தன்னிடமே வைத்துக்கொள்ளும், யாருக்கும் அனுப்பாது. இன்னொன்று அதோடு ஒரு தகவல் பெட்டியும் சேர்ந்தது. அந்தப் பெட்டிதான் வெளியே அனுப்பும். வருடத்துக்கு 6000 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு இந்த இரண்டாவது ரகம் கட்டாயம். என் வீட்டுக்கு வந்தது முதல் ரகம்.

நமக்கு வேண்டியது இதுதான்: இரண்டு ரகத்திலும் முகப்பில், நுகர்வோருக்கென்றே ஒரு ஒளி வாசல் இருக்கிறது. அகச்சிவப்பு விளக்கு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் சில விநாடிக்கு ஒருமுறை துடித்துத் துடித்து மீட்டரின் கணக்கை ஒப்பித்துக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குச் சொல்லும். நம் கைபேசியின் செல்ஃபி கேமராவை அதன் முன் பிடித்தால் சில ஃபோன்களில் அந்தத் துடிப்பு ஊதா நிறத்தில் தெரியும். முதல்முறை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை மாதமாக இது இங்கே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது!

ஆனால் பாதியைத்தான் பேசும். முழு யூனிட் எண்ணை மட்டும் சொல்லும். தசமப் புள்ளிக்குப் பின்னாலும் சொல்லாது, இந்த நிமிடம் எத்தனை வாட் போகிறது என்றும் சொல்லாது. அதைச் சொல்ல வைக்க நான்கு இலக்க பின் எண் வேண்டும். மீட்டரை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் கடிதத்தில் வரும். ஏன் இந்தப் பூட்டு என்று கேட்பீர்கள். அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் எல்லா வீட்டு மீட்டரும் நிலவறையில் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும். பூட்டு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நேற்று இரவு எத்தனை மணிக்கு விளக்கணைத்தார் என்று எவரும் போய்ப் பார்த்துவிடலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வாசல் வைத்திருக்கிறார்கள், சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, மீட்டரில் பொத்தானே இல்லையே, பின் எண்ணை எப்படி அழுத்துவது? டார்ச் அடித்துத்தான்.

சிரிக்காதீர்கள், உண்மை. முகப்பில் ஒளியை உணரும் புள்ளி ஒன்று உண்டு. அதன்மேல் டார்ச்சை ஒருமுறை மினுக்கினால் திரையின் எல்லாக் கட்டங்களும் எரியும். இன்னொருமுறை மினுக்கினால் பின் எண்ணைக் கேட்கும். முதல் இலக்கம் 7 என்றால் ஏழு மினுக்கு. பிறகு மூன்று விநாடி சும்மா நிற்க வேண்டும், அது அடுத்த இலக்கத்துக்குத் தானே நகரும். எண்ணிக்கை தவறிவிட்டால் ஒன்பதைத் தாண்டி மறுபடி சுழியத்துக்குச் சுற்றி வர வேண்டும். நான் நிலவறையில் மண்டியிட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஃபோன் விளக்கைப் பொத்திப் பொத்தித் திறந்துகொண்டிருந்தேன். துணி துவைக்க இறங்கி வந்த கீழ்வீட்டுப் பெரியம்மா ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று ஜெர்மனில் கேட்டார். அந்தத் திடுக்கிடலில் மூன்றாவது இலக்கம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

பின் சரியாக விழுந்தால் திரையின் இரண்டாவது வரி திறக்கும். இப்போதைய வாட், கடந்த 1 நாள், 7 நாள், 30 நாள், 365 நாள் செலவு என்று ஒவ்வொரு மினுக்குக்கும் ஒவ்வொன்றாக வரும். வரிசையின் கடைசிப் பக்கங்களில் ஒன்று தகவல் வெளியீட்டுக்கானது. அங்கே 'ஆஃப்' என்று இருக்கும். டார்ச்சை ஐந்து விநாடி விடாமல் அடித்தால் 'ஆன்' ஆகும். அதோடு மீட்டர் முழு வாயைத் திறந்து பேச ஆரம்பித்துவிடும். மாமா டார்ச் அடித்து ரீடிங் எடுத்தவர், நான் டார்ச் அடித்துப் பின் எண் போட்டவன் என்று அவரிடம் சொன்னபோது மனிதர் கொஞ்சம் இளகினார்.

இனி கேட்கும் பக்கம். கேட்கும் தலை என்று ஒன்று விற்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். உள்ளே ஓர் ஒளியுணர் டிரான்சிஸ்டர், ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி., சுற்றி ஒரு வளையக் காந்தம். மீட்டரின் முகப்பில் இதற்கென்றே ஓர் இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். கம்பி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தலையிலிருந்து வரும் கம்பியை இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு உள்ள பலகையில் இணைக்க வேண்டும். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்யும் சில்லு. உங்கள் ஆய்வகத்திலேயே பத்துப் பன்னிரண்டு கிடக்கும்.

இந்தச் சில்லுக்குள் போகும் ஃபர்ம்வேரின் பெயர் டாஸ்மோட்டா. நெதர்லாந்துக்காரர் தியோ அரெண்ட்ஸ் தொடங்கிய திறமூலத் திட்டம். அவர் பெயரின் முதலெழுத்துகளும், சோனாஃப் என்ற மலிவு விலை சுவிட்சின் பெயரும், எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறையின் பெயரும், காற்றுவழிப் புதுப்பித்தலைக் குறிக்கும் எழுத்துகளும் சேர்ந்து அந்தப் பெயர். சுவிட்சைச் சீன சர்வருக்குத் தகவல் அனுப்பவிடாமல் வீட்டுக்குள்ளேயே இயக்க வேண்டும் என்று பிறந்தது, இன்று ஆயிரக்கணக்கான கருவிகளில் ஓடுகிறது. அவர்கள் தயார் செய்து வைத்திருக்கும் பொதுக் கோப்பை இறக்கிப் போட்டால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், மீட்டர் மட்டும் படிக்காது. சில்லில் இடம் குறைவு, மீட்டர் படிப்பவர்கள் சிறுபான்மை. அதனால் அந்தப் பகுதியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் மூலநிரலை இறக்கி நீங்களே தொகுத்துக்கொள்ள வேண்டும்.

தொகுப்பது பெரிய வித்தை இல்லை. மூலநிரலில் பயனர் மாற்றங்களுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் மூன்று வரி. ஸ்கிரிப்ட் மொழி வேண்டும் என்று ஒன்று, மீட்டர் படிக்கும் பகுதி வேண்டும் என்று ஒன்று, 'ரூல்ஸ்' என்ற பழைய வசதியை நீக்கு என்று ஒன்று. கடைசி வரி எதற்கு? ஸ்கிரிப்டும் ரூல்ஸும் ஒரே நினைவிடத்தில் குடியிருப்பவை. ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது.

இங்கே நான் ஒரு முழு சனிக்கிழமையைத் தொலைத்தேன். இரண்டாவது வரியில் ஒரு கீழ்க்கோடு விட்டுப்போய்விட்டது. தொகுப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லும்? யாரும் பயன்படுத்தாத ஒரு பெயரை வரையறுப்பது குற்றமா என்ன? நல்லபடியாக முடிந்தது என்று பச்சை எழுத்தில் காட்டியது. ஏற்றினேன், இயங்கியது, மீட்டரை மட்டும் காணோம். கேட்கும் தலையைக் குற்றம் சொன்னேன், கம்பியை மாற்றினேன், சூரிய வெளிச்சம் படுகிறதோ என்று துணி போட்டு மூடினேன். நிலவறையில் ஏது சூரியன்! கடைசியில் கோப்பை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தபோது மாட்டிக்கொண்டது. பிழைச் செய்தி தராத பிழையைப்போலக் கொடுமை இந்தத் தொழிலில் வேறில்லை.

இரண்டாவது பாடம் ஏற்றும்போது வந்தது. கேட்கும் தலையைப் பலகையின் மூன்றாம் எண் முள்ளில் இணைத்திருந்தேன். யூஎஸ்பி வழியாக ஃபர்ம்வேர் உள்ளே வருவதும் அதே முள்ளில்தான். நான் கணினியிலிருந்து நிரலை ஊட்ட, தலை அதன் பங்குக்கு எதையாவது சொல்ல, சில்லுக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் தொடர்பு அறுந்தது. தலையைக் கழற்றிவிட்டு ஏற்றினால் ஒரு நிமிட வேலை. நீங்கள் செய்யும்போது அதை மறக்காதீர்கள். அதே முள்ளை வைத்துக்கொள்வதானால், பலகை தன் நாட்குறிப்பைத் தொடர்வரிசையில் எழுதிக்கொண்டிருப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

முதல்முறை இயங்கும்போது பலகை தானே ஒரு வைஃபை வலையை உண்டாக்கும். ஃபோனை அதில் இணைத்து 192.168.4.1 என்ற முகவரிக்குப் போனால் வீட்டு வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வலை மட்டுமே அதற்குத் தெரியும். பிறகு ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறந்து மீட்டரை அறிமுகம் செய்ய வேண்டும். முதல் வரியில் மீட்டர் எண் 1, கேட்கும் முள் 3, பேசும் மொழி எஸ்எம்எல், வேகம் 9600 என்று சொல்கிறோம். அடுத்த வரிகளில் அதன் பேச்சில் எதை எதைப் பொறுக்க வேண்டும் என்று.

அந்த எஸ்எம்எல் மொழியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், எனக்கு அது பிடிக்கும். ஒவ்வொரு பேச்சும் 1பி 1பி 1பி 1பி என்று நான்கு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, 01 01 01 01 என்று தொடங்கும். முடியும்போது மறுபடி அதே கனைப்பு, பிறகு ஒரு 1ஏ, கடைசியில் பிழை சரிபார்க்கும் எண். நடுவில் சரம் சரமாகத் தகவல். 77 என்று வந்தால் ஏழு உறுப்புள்ள பட்டியல் ஒன்று தொடங்குகிறது என்று பொருள். அடுத்த 07 என்றால் ஏழு பைட் நீளமுள்ள பெயர் வருகிறது, அந்த 07 உட்பட. அதன்பின் 01 00 01 08 00 எஃப்எஃப். இதைப் புள்ளி வைத்து எழுதினால் 1-0:1.8.0. மின்துறை முழுக்க வழங்கும் குறியீடு இது. முதல் 1 மின்சாரம், 1.8.0 என்பது இதுவரை வீட்டுக்குள் வந்த மொத்த ஆற்றல். 2.8.0 வீட்டிலிருந்து வெளியே போனது. 16.7.0 இந்தக் கணத்தின் வாட். நம் நாட்டு ஸ்மார்ட் மீட்டர்கள் பேசும் டிஎல்எம்எஸ் மொழியிலும் இதே குறியீட்டு முறைதான். இதைக் கற்றுவைத்தால் வீண் போகாது.

மீட்டர் வாட்மணியில் சொல்லும். ஸ்கிரிப்டில் 1000 ஆல் வகுக்கச் சொன்னால் நமக்குப் பழகிய யூனிட் ஆகிவிடும். வரிக் கடைசியில் எத்தனை தசமம் என்று ஓர் எண் போட வேண்டும். அந்த எண்ணோடு 16ஐக் கூட்டிப் போட்டால், மதிப்பு வந்த உடனே சர்வருக்கு அனுப்பு, வழக்கமான இடைவெளிக்குக் காத்திராதே என்று அர்த்தம். இப்படி ஒரே எண்ணுக்குள் இரண்டு கட்டளையை ஒளித்து வைப்பது சிக்கனமா, வம்பா? சில்லின் நினைவகத்துக்குச் சிக்கனம், படிப்பவனுக்கு வம்பு.

எண்கள் வரவில்லையென்றால் பச்சையாக என்ன வருகிறது என்று கொட்டிக் காட்டச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. கொட்டும்போது கணக்குப் போடுவது நின்றுவிடும். பார்த்து முடித்ததும் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். நான் கொடுக்க மறந்து, எண் அசையவே இல்லையே என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தவித்தேன். விதிமுறை ஒன்று, ஆனால் மீட்டர் செய்பவர்கள் ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சரிபார்ப்பு எண்ணையே வேறு கணக்கில் போடும் மாடல்கூட இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் உலகெங்கும் யாரோ இரவில் உட்கார்ந்து மாற்று வழி எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்யும் ஃபர்ம்வேரில் அவர்கள் தூக்கமும் சேர்ந்திருக்கிறது.

இத்தனை பாடுபட்டு என்ன கண்டாய் என்று மாமாவே கேட்டார்.

முதல் இரவே கண்டது: எல்லோரும் தூங்கிய பிறகும் வீடு 140 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. வருடத்துக்கு 8760 மணி நேரம். பெருக்கினால் 1226 யூனிட். அப்போது எனக்கு யூனிட் 35 சென்ட். ஆக, யாரும் எதையும் பயன்படுத்தாவிட்டாலும் போகும் மின்சாரத்துக்கு வருடம் 429 யூரோ. வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே ஃபோன் திரையைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் தன் பங்கை வாங்கி வாங்கி ஓய்ந்தது. வைஃபை பெட்டி பத்து வாட். பிறகு, மாதத்துக்கு ஒருமுறை பாட்டுக் கேட்கும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். அணைத்துத்தான் இருந்தது, ஆனாலும் 25 வாட் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் வருடம் 77 யூரோ. ஒரு சுவிட்ச் உள்ள பலகையில் அதைச் செருகியதோடு கதை முடிந்தது. கேட்கும் பலகையும் தின்னத்தான் செய்கிறது, அரை வாட். வருடத்துக்கு நாலரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நிலவறையில் என் மீட்டர் பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் கட்டடத்துப் பொது மின்சாரம். அதில் செருகலாமா என்று குடியிருப்போர் கூட்டத்தில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. அதுதான் ஜெர்மனி.

பால்கனியில் சூரியத் தகடு மாட்டியவர்களுக்கு இது இன்னும் பயன்படும். 2024 மே மாதம் முதல் அங்கே இன்வெர்ட்டர் 800 வாட் வரை தரும் சொருகு சூரியத் தகடு வைத்துக்கொள்ளலாம். மதியம் வெயில் அடிக்க, வீட்டில் ஆளில்லை என்றால் 16.7.0 கழித்தல் குறியோடு வரும். இலவசமாக வெளியே போகிறது என்று பொருள். அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷினை ஓட வைக்கலாம், பேட்டரியை நிரப்பலாம். சில விநாடிக்கு ஒருமுறை மீட்டர் சொன்னால்தான் இந்தக் காரியம் நடக்கும். காலம் கழித்து வரும் பில் இதற்கு உதவாது.

ஆனால் இதே நுணுக்கம்தான் ஆபத்தும். 1980களிலேயே அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், வீட்டின் மொத்த மின்சாரக் கோட்டைப் பார்த்தே எந்தக் கருவி எப்போது ஓடியது என்று பிரித்தறியும் வழியைக் காட்டிவிட்டார். 2011இல் ம்யூன்ஸ்டர் பயன்பாட்டு அறிவியல் கல்லூரி ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு ஸ்மார்ட் மீட்டர் 2 விநாடிக்கு ஒருமுறை தன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிய தகவலை வைத்து, அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் என்ன படம் ஓடியது என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். காட்சி வெளிச்சமாக வந்தால் வாட் ஏறும், இருட்டாக வந்தால் இறங்கும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கைரேகை. 2009இல் நெதர்லாந்து மேலவை ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவைத் திருப்பி அனுப்பியதற்கு இந்த அந்தரங்கக் கவலையே பெரிய காரணம். பின்னால் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற திருத்தத்தோடுதான் அது வந்தது. அங்கே ஒளிக்குப் பதில் பி1 என்ற ஒரு சொருகுவாய் வைத்தார்கள். பின் எண் இல்லை, டார்ச் இல்லை, கம்பியைச் செருகினால் புதிய மீட்டர் விநாடிக்கு ஒருமுறை எல்லாம் சொல்லும். மீட்டர் வீட்டுக்குள் இருப்பதால் அது பொருந்துகிறது.

அதனால்தான் நான் சொந்த ஃபர்ம்வேரை வலியுறுத்துகிறேன். கடையில் தயாராகவும் விற்கிறார்கள், செருகினால் போதும். அவற்றில் பல, எண்ணை முதலில் எங்கோ உள்ள சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து உங்கள் ஃபோனுக்குத் தருகின்றன. நானே தொகுத்த ஃபர்ம்வேர் எங்கே அனுப்புகிறது என்று எனக்குத் தெரியும். என் அலமாரியில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிக்கு. அதோடு நின்றுவிடுகிறது.

நம் ஊருக்கு வருகிறேன், நீங்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கக் காத்திருக்கிறீர்கள். நேற்று ஒரு மாணவர், இந்தக் கேட்கும் தலையை இங்கே வாங்கி ஒட்டலாமா என்று கேட்டார். ஒட்டாதீர்கள். அதில் காந்தம் இருக்கிறது. நம் ஊரில் மீட்டர்மேல் காந்தம் என்றால் அதற்கு வேறு அர்த்தம். காந்தப்புலம் பட்டதை நாள், நேரத்தோடு ஒரு குறுக்கீடாகப் பதிந்துவைக்கும் ஏற்பாடு நம் மீட்டர் தரநிலையிலேயே இருக்கிறது. மேலும் இங்கே ஒளி வாசல் தானாகப் பேசுவதில்லை. கேள்வி கேட்டால்தான் பதில். கேள்வி கேட்கக் கடவுச்சொல் வேண்டும், அது நுகர்வோருக்குத் தரப்படுவதில்லை.

ஆனாலும் நம் மீட்டரும் ஊமை இல்லை. முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்குமே, அது சும்மா எரியவில்லை. பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை மினுக்கு என்று அர்த்தம். 3200 என்று இருந்தால் 1125ஐ, இரண்டு மினுக்குக்கு நடுவில் ஆகும் விநாடியால் வகுத்துவிடுங்கள். வருவது இந்த நேரத்து வாட். விநாடிக்கு ஒருமுறை மினுக்கினால் 1125 வாட், பத்து விநாடிக்கு ஒருமுறையென்றால் 112.5. கையில் கடிகாரம் போதும், மீட்டரைத் தொடவே வேண்டாம். கிரைண்டரைப் போட்டுவிட்டு ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் ஊரில், 500 யூனிட்டைத் தாண்டுவோமா மாட்டோமா என்று தவிக்கும் வீடுகளுக்கு இந்த வகுத்தல் கணக்கு எந்தச் செயலியைவிடவும் உதவும். முதலாண்டு மாணவர்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் இது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "இது எங்களுக்குத் தெரியாதா? சந்தேகம்னு புகார் வந்தா இப்படித்தான் எண்ணிப் பாப்போம்" என்றார். முப்பது வருட அனுபவத்துக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாமாண்டு, நான்காமாண்டு மாணவர்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படித்து அந்தத் தகவலை நுகர்வோருக்கும் தர வேண்டும் என்று மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023இல் திருத்தம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் அது அவர்கள் படித்து நமக்குச் சொல்வது. ஆம்ப்ளிஃபயர் 25 வாட் குடிப்பதை நாளுக்கு ஒருமுறை வரும் எண்ணில் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் நம் சுவரில் இருக்கிறது, பில் நம் பெயரில் வருகிறது. எழுதும் வாசலைப் பூட்டியே வைத்திருக்கட்டும், அதில் எனக்கு மாமாவைவிடக் கண்டிப்பு உண்டு. படிக்கும் வாசலின் சாவி வீட்டுக்காரரிடம் வரவேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் இரண்டும் ஒரே வாசலாக இருந்ததுதான் வினையானது. ஜெர்மானிய மீட்டரில் நான் காது வைத்த வாசலுக்கு ஒப்பிக்க மட்டுமே தெரிந்தது. டார்ச் அடித்து அதன் வாயைத் திறக்கலாம், மூடலாம். கணக்கில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

உங்களில் சிலர் நாளை மீட்டர் நிறுவனங்களுக்கும் மின்வாரியத்துக்கும் வேலைக்குப் போவீர்கள். தரநிலைக் குழுக்களில் உட்காருவீர்கள். நுகர்வோர் படிப்பதற்கென்று ஒரு தனி வாசல், அதற்கொரு பின் எண் என்று அங்கே ஒரு வரி எழுதிச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அதுவரை, உங்கள் வீட்டுக்குப் புது மீட்டர் மாட்ட வருபவரிடம், "அண்ணா, இதை நான் படிக்க ஏதாவது வழி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போகும்.